மரமும் கிணறும்: காவிரிப்படுகையில் எரிவாயுத் துரப்பணமும் உழவர் நிலவுரிமையும்

ஒரு நிலம் ஒருவர்க்கு உரியது என்று கூறும்போது, அவ்வுரிமை எவ்வளவு ஆழம் செல்லும் என்னும் வினா உழவர் உள்ளத்தில் எழுவதில்லை. ஏர் செல்லும் ஆழமும் கிணறு செல்லும் ஆழமுமே அவர் அறிந்த ஆழங்கள். அவற்றிற்குக் கீழே ஒரு பொருள் உண்டென்றும், அதனை எடுப்பதற்கு மற்றொருவர் உரிமம் பெற்று வரக்கூடும் என்றும் காவிரிப்படுகை உழவர் அறிந்தது கடந்த அறுபது ஆண்டுகளில்தான். இயற்கை எரிவாயு தேடித் துரப்பணப் பொறி வயலருகே வந்து நின்றபோது உழவுக்குடி இழந்தது யாது, காத்துக்கொண்டது யாது என்பதை நிலவுரிமை வரலாற்றின் ஒரு பகுதியாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அண்மைக் காலச் செய்தியாயினும், இதன் வேரைக் காணச் சோழர் செப்பேடுகள்வரை செல்லவேண்டியுள்ளது.

சோழர் காலத்து நிலக்கொடை ஆவணங்களைப் பயின்றோர் ஒன்றனை அறிவர். அவை நிலத்தை வெறும் பரப்பாக எண்ணிக் கொடுப்பதில்லை. இவ்வளவு வேலி என்று அளவு கூறியபின், அந்நிலத்தோடு செல்லும் உரிமைகள் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணப்படுகின்றன. மேல் நோக்கி வளர்ந்த மரமும், கீழ் நோக்கித் தோண்டப்பட்ட கிணறும், குளமும், புற்றும், உடும்பு ஓடுமிடமும் ஆமை தவழுமிடமும் உட்பட, எதனையும் ஒழிக்காமல் கொடுத்ததாக அவை கூறும். சுட்ட ஓட்டால் வீடு கட்டிக்கொள்ளலாம். துரவும் கிணறும் எடுக்கலாம். தென்னை முதலியன வைக்கலாம் என்று தனித்தனியே இசைவும் அளிக்கப்படும். அவ்வூர்க்குப் பாயும் வாய்க்காலை உரிமையில்லாத பிறர் வெட்டித் திருப்புதலும், கூடை கொண்டு நீர் இறைத்தலும் கூடா என்னும் விலக்குகளும் உண்டு. வீடு, கிணறு, மரம், வாய்க்கால் ஆகிய இந்நான்கும் இன்றியமையாதன என்பது ஆவணம் எழுதியோர்க்கு நன்கு தெரிந்திருந்தது. பிற்காலத்து விசயநகர, நாயக்கர் காலச் சாசனங்கள் இவ்வுரிமைகளை எட்டாகத் தொகுத்து அட்டபோகம் என்றன. அவற்றுள் நிதி, நிட்சேபம், சலம், பாசாணம் என்னும் நான்கும், அதாவது புதையலும், வைப்புப் பொருளும், நீரும், கல்லும், பெரும்பாலும் நிலத்தின் மேற்பரப்பைக் கடந்து உள்ளே உள்ளவற்றைக் குறிப்பன.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இவ்வுரிமைகளைப் பெற்றோர் பெரும்பாலும் உழுதவர் அல்லர். பிரமதேயமும் தேவதானமும் பள்ளிச்சந்தமும் பெற்றவரே. குடி நீக்கி என்னும் தொடர் அச்செப்பேடுகள் பலவற்றில் வருதலை நோக்கினால், முன்னிருந்த குடியை அகற்றியே சில கொடைகள் நிகழ்ந்தன என்பது போதரும். ஆகவே பழங்காலத்தைப் பொற்காலமாகக் காட்டி இக்காலத்தைப் பழித்தல் இக்கட்டுரையின் கருத்தன்று. ஆவணத்தின் அமைப்பே ஈண்டுக் கருதத்தக்கது. நிலவுரிமை என்பது ஒரு சொல்லன்று, ஒரு பட்டியல் என்பதும், அரசன் ஆணையை நாட்டார் எதிர்கொண்டு பெற்று, பிடியானையை நடத்தி எல்லை வகுத்து, கல்லும் கள்ளியும் நட்டு, அறிந்தோர் கையெழுத்திட்ட பின்னரே அது நிறைவேறியது என்பதும் அவ்வமைப்பால் விளங்கும். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்ததைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடுகள் இம்முறைக்குத் தக்க சான்றாகும். அவ்வானைமங்கலம் இருக்கும் நாகைப் பகுதியிலேயே நரிமணமும் இருக்கின்றது. எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்ததனால் பெயர்பெற்ற ஊர் அது.

படுகையில் தேட்டம் தொடங்கிய வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம் 1956இல் தோன்றியது. 1964இல் காரைக்காலில் முதல் ஆழ்துளைக் கிணறு இறக்கப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுத் தேடலுக்குப் பின், 1980களில் நரிமணம், கோயில்களப்பால் முதலிய இடங்களில் பயன்தரும் அளவில் எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்தன. 1993இல் நாகைக்கு அருகே பனங்குடியில் ஆண்டிற்கு 5 இலட்சம் டன் கொள்ளளவில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டிற்குள் கோயில்களப்பால் எரிவாயுவைக் கொண்டு திருமாகோட்டையிலும், பின்னர்க் குத்தாலத்திலும் மின்னாக்க நிலையங்கள் எழுந்தன. இவற்றால் நாட்டிற்கு விளைந்த பயனை மறுத்தல் முறையன்று. அம்மின்னாற்றலால் நீரிறைத்த உழவரும் உளர்.

நிலநூலார் படுகையின் உள்ளடுக்குகளுக்கு இட்ட பெயர்கள் தமிழ் மாணவர்க்கு வியப்பளிக்கும். ஆண்டிமடம் அடுக்கு, சாத்தப்பாடி அடுக்கு, புவனகிரி அடுக்கு, நன்னிலம் அடுக்கு, கமலாபுரம் அடுக்கு, நிரவி அடுக்கு என ஊர்ப்பெயர்களே பாறையடுக்குகளின் பெயர்களாயின. சுந்தரர் பாடல் பெற்ற நன்னிலம் இன்று கிரிடேசியக் காலத்துப் பாறையடுக்கு ஒன்றன் பெயராகவும் உலக நிலநூல் ஏடுகளில் வழங்குகின்றது. கோயில்களப்பால், கூற்றுவ நாயனாரின் களந்தையென அறிஞர் கருதும் ஊர். அடியார் ஊராக அறியப்பட்டது எரிவாயுக் களத்தின் பெயராகவும் ஆனது. ஒரே ஊர்ப்பெயர் மேலே வயலையும் கீழே பாறையையும் குறித்தபோதும், இரண்டற்கும் உரிமை ஒன்றாக இருக்கவில்லை.

சட்டத்தின் நிலை வருமாறு. 1948ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் (ஒழுங்குமுறையும் வளர்ச்சியும்) சட்டமும், அதன்கீழ் 1959இல் வகுக்கப்பட்ட பெட்ரோலிய, இயற்கை எரிவாயு விதிகளுமே பல பத்தாண்டுகள் இத்துறையை ஆண்டன. அவ்விதிகளின்படி நிலப்பகுதியில் உரிமமும் குத்தகையும் வழங்கியது மாநில அரசு. ஆனால் நடுவணரசின் முன்னொப்புதல் பெற்றே அதனைச் செய்ய இயலும். இவ்விரண்டற்கும் இடையே நிலத்தின் மேற்பரப்பை உழுபவர்க்கு இடமில்லை. 2004இல் உச்சநீதிமன்றம், இயற்கை எரிவாயு பற்றிச் சட்டம் இயற்றும் ஆற்றல் நடுவணரசிற்கே உரியது எனக் கருத்துரைத்தது. 2013இல் அதே நீதிமன்றம் மலபார் நிலங்களைப் பற்றிய ஒரு வழக்கில், சட்டத்தின்வழி பறிக்கப்பட்டாலன்றி உள்நிலப் பொருளின் உரிமை நிலவுடைமையாளர்க்கே செல்லும் என்று தீர்ப்பளித்தது. அட்டபோகத்தின் எதிரொலி போன்றது இத்தீர்ப்பு. ஆயினும் எடுக்கும் உரிமத்தை அரசு கட்டுப்படுத்தும்வரை, எரிவாயுவைப் பொறுத்து உழவர்க்கு அத்தீர்ப்பால் நேர்ப்பயன் குறைவே.

அமெரிக்க நாட்டு வழக்கம் வேறு. பென்சில்வேனியாவில் உள்நிலம் பெரும்பாலும் தனியார்க்கு உரியது. 2004இல் மார்செல்லசு மாக்கல் அடுக்கில் முதற்கிணறு இறக்கப்பட்டபின், நிறுவனத்தாரின் முகவர் பண்ணை வாயிலுக்கே வந்து குத்தகை பேசினர். உடைமையாளர்க்கு எட்டில் ஒரு பங்கிற்குக் குறையாத பங்குரிமை வேண்டும் என 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வரையறுத்திருந்தது. ஆனால் அந்நாட்டு மேற்குப் பகுதியில், 1916ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்கீழ் வழங்கிய நிலங்களில் உள்நிலக் கனிமத்தை அரசே வைத்துக்கொண்டது. அங்குள்ள பண்ணையாளர், மேல்நிலம் தமதாகவும் கீழ்நிலம் பிறரதாகவும் இருக்க வாழ்ந்தனர். தஞ்சை உழவர் நிலை இவ்விரண்டாவதற்கே நெருங்கியது. பங்குரிமை பெற்றோர் துயரப்படவில்லை என்பதும் அன்று; கிணற்று நீர் கெட்டதென்ற வழக்குகள் பென்சில்வேனியாவிலும் எழுந்தன. கையெழுத்திட அழைக்கப்பட்டவர்க்கும் அழைக்கப்படாதவர்க்கும் உள்ள வேறுபாடே ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி, துரப்பணம் வயலருகே வரும்போது நிகழ்வதனை நோக்குவோம். முதலில் சில ஏக்கர் நஞ்சை குத்தகைக்குக் கொள்ளப்படும். கனத்த பொறியைத் தாங்கச் செம்மண்ணும் சரளையும் கொட்டி வயல் மேடாக்கப்படும். அதுவரை ஊர்தி செல்லப் பாதை போடப்படும். துரப்பணக் குழலைக் குளிர்விக்கவும் வெட்டிய கற்பொடியை மேலேற்றவும் களிமண்ணும் பாரைட்டும் கலந்த குழம்பு பயன்படும். அதன் கழிவைத் தேக்கக் குழி வெட்டப்படும். நிலத்தடி நீர்மட்டத்தைக் கடக்குமிடத்தில் எஃகுக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்டு இட்டு மூடுவர். நீரையும் வாயுவையும் பிரிப்பது அச்சிமெண்டுச் சுவரே. எரிவாயு கிடைத்தால் குழாய் செல்லும். கிடைக்காவிடின் கிணற்றை அடைத்துவிட்டுச் செல்வர்.

வெளியார் எளிதில் உணராத ஒன்றனைக் கூறவேண்டும். காவிரிப்படுகையில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் இல்லை. பல இடங்களில் நீர் மேல்வயலில் பாய்ந்து, மடை வழியே அடுத்த வயலில் இறங்கி, அதற்கடுத்ததில் சென்று, இறுதியில் வடிவாய்க்காலைச் சேரும். ஆகவே நடுவே ஒரு வயல் மேடாயின் அதன் உடையவர் மட்டும் இழப்பதில்லை. அவர்க்குக் குத்தகைப் பணம் கிடைக்கும். கீழ்வயலார்க்குக் கிடைப்பது தடைப்பட்ட நீரே. ஐப்பசி கார்த்திகை மழையில் இது தலைகீழாகும். வடிய வேண்டிய நீர் மேல்வயலில் நின்று சம்பாப் பயிரை அழுகச் செய்யும். ஆவணத்தில் குத்தகை ஒருவரோடு முடிந்துவிடுகிறது. நீரோ பலரைத் தொடுகின்றது. பிறர் வாய்க்காலைத் தடுக்கலாகாது என்று செப்பேட்டில் எழுதியவர்க்குத் தெரிந்திருந்த இச்செய்தி, இழப்பீட்டுக் கணக்கில் எளிதில் ஏறுவதில்லை. இதனோடு, படுகையில் கோயில், மடம் ஆகியவற்றின் நிலத்தைக் குத்தகைக்கு உழுவோர் மிகுதி என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். 1952ஆம் ஆண்டின் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955ஆம் ஆண்டின் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டமும் உழுபவரை வெளியேற்றாமல் காத்தன. ஆயினும் நிலத்தடியை நாடி வரும் மூன்றாமவரை அவை எதிர்நோக்கியிருக்கவில்லை.

வாயு கிடைத்தபின் குழாய் வருகின்றது. குழாய்க்கென ஒரு சட்டம் 1962இல் இயற்றப்பட்டது. 1977இல் திருத்தம் பெற்றுப் பெட்ரோலிய, கனிமக் குழாய்ப்பாதைகள் (நிலத்தில் பயன்படுத்தும் உரிமை பெறுதல்) சட்டம் என்னும் பெயரில் வழங்குகின்றது. இச்சட்டத்தின் ஒன்பதாம் பிரிவை நிலக்கொடை ஆவணம் பயின்ற ஒருவர் படித்தால் திடுக்கிடுவார். நிலம் உழவர்க்கே உரியதாக இருக்கும்; உழுதலும் கூடும். ஆனால் குழாய் செல்லும் பகுதியில் அவர் கட்டடம் கட்டலாகாது, குளமோ கிணறோ நீர்த்தேக்கமோ அணையோ அமைக்கலாகாது, மரம் நடலாகாது. சோழர் ஆவணம் வீடு, கிணறு, மரம் என எவ்வெவற்றை எண்ணிக் கொடுத்ததோ, அவ்வவற்றையே இச்சட்டம் எண்ணி விலக்குகின்றது. வரிசை வேறாகலாம், பொருள் ஒன்றே. ஒருவரையொருவர் அறியாத இரு காலத்து ஆவணம் எழுதியோர், நிலவுரிமையின் உட்பொருள் இன்னதென்பதில் ஒத்த கருத்தினர். ஒருவர் அதனை வழங்கினார். மற்றவர் அதனைக் கழித்தார். கழித்தபின் எஞ்சியதன் பெயரும் உடைமை என்றே வழங்குகின்றது.

அவ்விழப்பிற்கு ஈடாக, பயிரழிவு முதலியவற்றுக்குரிய தொகையன்றி, நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்து அளிக்கப்படும். எதிர்ப்புரைக்க விரும்புவோர், அரசிதழ் அறிவிப்பின் படிகள் பொதுமக்கட்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுதித் தரவேண்டும். அரசிதழ் எத்துணை உழவர் வீட்டிற்கு வருகின்றது? நாட்டார் எதிர்சென்று திருமுகத்தைத் தலைமேல் வைத்து ஏற்றனர் என்று செப்பேடுகள் கூறுவது ஒரு சடங்குரையாகவே இருந்திருக்கலாம். ஆயினும் ஊரறியச் செய்தி வந்து சேர்ந்தது என்பதற்கு அச்சடங்கே சான்று.

இம்முரண் வெளிப்பட்டு மோதலாக மாறியது 2010க்குப் பின்னரே. அவ்வாண்டில் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி என்னும் நிறுவனத்தோடு நடுவணரசு ஒப்பந்தம் செய்தது. 2011 சனவரியில் மாநில அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. இதற்கும் முன்னைய கிணறுகளுக்கும் உள்ள வேறுபாடு முதன்மையானது. நரிமணத்தில் வாயு ஆழ்பாறையிலிருந்து தன் அழுத்தத்தால் வெளிவந்தது. நிலக்கரிப் படுகையிலோ, மீத்தேன் நீரழுத்தத்தால் கரியோடு ஒட்டிக்கிடக்கும். அதனை விடுவிக்க அப்படுகையிலுள்ள நீரைத் தொடர்ந்து இறைத்து வெளியேற்றுதல் வேண்டும். கடலோரத்திற்கு அணித்தான ஒரு படுகையில் நீரை இறைத்துக் கொண்டேயிருந்தால் உவர்நீர் உள்ளேறும் என்னும் அச்சம் உழவரிடம் எழுந்தது. கடைமடையில் அதனை அவர்கள் ஏற்கெனவே கண்டிருந்தனர். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இதனை எடுத்துரைத்தார். அப்பணியில் இருக்கும்போதே 2013 திசம்பர் 30ஆம் நாள் பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டியில் காலமானார். மாநில அரசு 2013இல் அத்திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. குழுவின் அறிக்கைப்படி 2015இல் அத்திட்டத்திற்கு இசைவு மறுக்கப்பட்டது.

2017ஆம் ஆண்டு இரு ஊர்ப்பெயர்களை நாடறியச் செய்தது. பிப்ரவரி 15ஆம் நாள் நடுவண் அமைச்சரவைக் குழு, கண்டறியப்பட்ட சிறு வயல்கள் என்னும் திட்டத்தின்கீழ் 31 பகுதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. அவற்றுள் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல். மறுநாளே அவ்வூரார் திரண்டனர். நெடுவாசலும் அதனைச் சூழ்ந்த வடகாடு, கோட்டைக்காடு, வாணக்கன்காடு முதலிய ஊர்களும் ஆற்றுப்பாசனத்தை நம்பியவை அல்ல. ஆழ்குழாய்க் கிணற்று நீரால் தென்னையும் வாழையும் பலாவும் கடலையும் விளைவிப்பவை. அங்கே கிணறு என்பது ஒரு வசதியன்று. அதுவே நிலத்தின் உயிர். ஆணையம் முன்னரே இறக்கி அடைத்துவைத்த கிணறுகள் அவ்வூர்த் தோட்டங்களின் நடுவே இருந்தன. அவற்றிற்கு நிலம் தந்த குடிகள், மீண்டும் ஒரு நிறுவனம் வருகின்றது என்பதைச் செய்தித்தாளில் கண்டே அறிந்தனர். அங்கே துரப்பணக் கிணற்றையும் நீர்க்கிணற்றையும் மக்கள் ஒரே சொல்லால் குறித்தனர் என்பது கருதத்தக்கது. துரவு என்னும் பழஞ்சொல்லும் துரப்பணம் என்னும் சொல்லும் துர என்னும் ஒரே அடியில் பிறந்தன போலத் தோன்றுகின்றன. முன்னையது நீர் தரும் பெருங்கிணறு, பின்னையது துளைக்கும் கருவி. அவ்வொலியொப்புமையை மிகைப்படுத்த வேண்டுவதில்லை. போராட்டத்தின் பயனாக அங்கே புதுப்பணி தொடங்கப்படவில்லை.

அதே ஆண்டு சூன் 30ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் வயலின்வழிச் சென்ற எண்ணெய்க் குழாயில் கசிவு ஏற்பட்டது. ஊரார் மறியல் செய்தனர். காவல்துறையினர் தடியடி நடத்திப் பலரைக் கைது செய்தனர். நெடுவாசலில் எழுந்தது வரப்போவது பற்றிய அச்சம். கதிராமங்கலத்தில் எழுந்தது ஏற்கெனவே வந்து மண்ணுள் புதைந்தது பற்றிய அச்சம். கசிந்த எண்ணெய் பரவிய வயலின் உடைமையாளர்க்கு, தம் நிலத்தின்கீழ்ச் செல்லும் குழாயின் அகவையும் நிலையும் தெரிய வழியில்லை. இரண்டாவதே ஆராய்ச்சியாளர் மிகுதியாகக் கவனிக்க வேண்டியது என்பது என் கருத்து. வரவிருந்த திட்டங்களைப் பற்றி எழுதினோர் பலர். பத்து, இருபது ஆண்டுகளாக வயலுக்கடியில் கிடக்கும் குழாயோடு வாழும் குடிகளைப் பற்றி எழுதினோர் சிலரே.

2020 சனவரியில் நடுவணரசு, எண்ணெய், எரிவாயுத் தேட்டத்திற்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டா எனச் சுற்றுச்சூழல் அறிவிக்கையைத் திருத்தியது. அடுத்த திங்களிலேயே தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், மாக்கல் வாயு ஆகியவற்றிற்கான புதிய தேட்டமும் துரப்பணமும் எடுப்பும் விலக்கப்பட்டன. காவிரிப்படுகையின் உழவு வரலாற்றில் இது பெரியதொரு திருப்பம் என்பதில் ஐயமில்லை. மேல்நிலத்து உழவின்பொருட்டுக் கீழ்நிலத்துப் பொருளை எடாது விடுதல் என்னும் கொள்கை முதன்முதல் அங்குச் சட்டவடிவம் பெற்றது.

ஆயினும் சட்டத்தின் சொற்களை ஆவணமாகப் படிப்போர் அதன் நான்காம் பிரிவில் நின்று படிக்கவேண்டும். சட்டம் வருமுன் நடைபெற்றுவந்த பணிகளை அது தொடவில்லை. துறைமுகம், சாலை, மின்சாரம், குடிநீர் முதலியவற்றோடு குழாய்ப்பாதையும் அடிப்படைக் கட்டமைப்பு என்னும் வகையில் விலக்குப் பெற்றது. ஆகவே நாகை, திருவாரூர் வட்டாரங்களில் முன்னரே குழாய் சென்ற நிலங்களில் 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவே இன்றும் ஆளுகின்றது. குழாயின் வழியைக் காட்டும் குறிகற்கள் வரப்பருகே நிற்கின்றன. ஆனைமங்கலத்தில் பிடி நடந்த வழியே நட்ட கல்லைப்போல் அவையும் ஓர் எல்லையைக் காட்டுவனவே. அவ்வெல்லைக்குள் உழவர் நாற்று நடலாம், நெல் அறுக்கலாம். மரம் வைத்தலும் கிணறு எடுத்தலும் வீடு கட்டலும் ஆகா.